அக்கரை விருந்து

திருஞானம் கைப்பேசியில் காட்டிய கப்பலைப் பார்த்ததும் எழில்மொழிக்கு முகம் சுளித்துப்போனது. கம்ப்யூட்டரே வரைந்து தந்த படம் அது. கடல் பச்சைக் கண்ணாடி வளையலை உடைத்துக் கொட்டியதுபோல் மின்னியது. பாய்களெல்லாம் முன்பக்கம் புடைத்திருக்க, உச்சியில் கொடி மட்டும் பின்பக்கம் பறந்துகொண்டிருந்தது. கப்பலின் மூக்கில் ஒரு புலித்தலை. அதன் வாய்க்குள் மனிதப் பற்கள்.

"எப்படி மேடம், கம்பீரமா இல்ல?" என்றார் திருஞானம்.

"காத்து ஒரே நேரத்துல ரெண்டு பக்கமும் அடிக்குது சார். பாய் ஒரு பக்கம் போகுது, கொடி இன்னொரு பக்கம் போகுது."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. வாய் நிறையச் சிரித்தார். "பாத்தீங்களா, அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். எனக்கு ஒரிஜினல் வேணும். கையால வரைஞ்சது."

பூம்புகாருக்குப் பக்கத்தில் கடலைப் பார்த்தாற்போல் ஒரு ரிசார்ட் கட்டிக்கொண்டிருந்தார் திருஞானம். பரம்பரையாக நிலம் நீச்சு உள்ள குடும்பம். வயலையெல்லாம் குத்தகைக்கு விட்டுவிட்டு விருந்தினர் தொழிலுக்கு வந்தவர். சாப்பாட்டுக் கூடத்தின் மூன்று பெரிய சுவர்களுக்கும் இந்தக் கடற்கரையின் பழைய பாய்மரக் கப்பல்கள் வேண்டும் என்று விசாரித்துக்கொண்டே திருவிடைமருதூரில் எழில்மொழியின் மாடிவீட்டுக்கு ஏறி வந்திருந்தார்.

எழில்மொழியை அந்தப் பக்கத்து ஓவியர்கள் 'கப்பல்காரம்மா' என்றுதான் சொல்வார்கள். கும்பகோணத்தில் ஓவியம் படித்தாள். பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குப் பூவும் பானையும் வரையக் கற்றுக்கொடுப்பாள். மற்ற நேரமெல்லாம் கப்பல்தான். கடலே இல்லாத ஊர்க்காரி கப்பலைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வீட்டிலேயே இருந்தது. அவள் பிறந்தது நன்னிலத்துக்குப் பக்கத்துக் கிராமம். தலைமுறை தலைமுறையாகப் பண்ணை வேலை பார்த்த குடும்பம். அவளுடைய அப்பா காத்தான் காலத்தில்தான் சொந்தமாக நிலம் வந்தது. சின்ன வயதில் அப்பாவிடம் நம் குடும்பத்தில் யாரெல்லாம் இருந்தார்கள் என்று கேட்டபோது, "எங்க தாத்தாவுக்கு ஒரு அண்ணன் இருந்தாராம். நாகப்பட்டினத்துல கப்பல் ஏறினவர் திரும்பி வரல," என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். பெயர்கூடத் தெரியாது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு அவள் கப்பல்களுக்குள் போனாள்.

அதனால்தான் திருஞானத்திடம் ஒரு நிபந்தனை வைத்தாள். "சோழர் காலத்துக் கப்பல் வரையறேன், தரங்கம்பாடிக்கு வந்த டேனிஷ்காரங்க கப்பலும் வரையறேன். ஆனா மூணாவது, பினாங்குத் தோட்டங்களுக்குக் கூலி ஆளேத்திக்கிட்டுப் போன கப்பல். அதுக்குச் சம்மதம்னா சொல்லுங்க."

"சோகமா இருக்காதா மேடம்? சாப்பிடற இடம்."

"அவங்களும் இந்தக் கடற்கரைதான் சார்."

திருஞானம் யோசித்தார். பிறகு ஆர்வமாக நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார். அவள் சொன்னாள். கப்பல் கரைக்கு வராது, ஆழத்தில் நிற்கும். படகில் கொண்டுபோய்க் கயிற்றேணியில் ஏற்றுவார்கள். உள்ளே காற்று இருக்காது. அக்கரைத் தோட்டங்களுக்குப் போனவர்களுடைய கழுத்தில் எண் பொறித்த தகர வில்லையைக் கட்டிவிடுவதுண்டு. பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். கஞ்சியும் கருவாடும் கொடுப்பார்கள். நூலகம் நூலகமாக அலைந்து படித்ததையெல்லாம், கேட்க ஒரு ஆள் கிடைத்த சந்தோஷத்தில் கொட்டினாள். அவர் கண் விரியக் கேட்டார்.

"தகர வில்லை... சூப்பர் மேடம். இதையெல்லாம் யாருமே சொன்னதில்ல," என்றார். படியிறங்கும்போது கையெடுத்துக் கும்பிட்டார்.

எழில்மொழி அந்த மூன்றாவது கப்பலைத்தான் முதலில் வரைந்தாள். நாகப்பட்டினத்துக் கடலில் விடிகாலை. பாதி விரித்த பாய்களில் வெயில் பட்டு மஞ்சளாக இருக்கும். மேல்தளத்தில் கம்பியோரம் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் மனிதர்கள். யாரும் அழவில்லை. எல்லோரும் கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவர் கழுத்திலும் சின்னதாகத் தகரத்தின் மினுக்கம். முகங்களுக்கு அவள் தேடிப்போகவில்லை. தன் ஊர் முகங்களையே வைத்தாள். பிறகு மற்ற இரண்டையும் முடித்தாள். சோழர் கப்பலில் புலித்தலை வேண்டும் என்று திருஞானம் இரண்டு முறை போன் செய்தார். அவள் வைக்கவில்லை.

கும்பகோணத்தில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் நௌஷாத்தான் மூன்றுக்கும் தேக்கில் சட்டம் போட்டார். அவளுடைய முதல் படத்திலிருந்தே அவளுக்குச் சட்டம் போடுகிறவர். மூன்றாவது படத்தைக் கடையில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு டிசைன் சட்டம் வேணாம்மா. வெறும் கட்டை போதும்," என்றார்.

திறப்பு விழா ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். அழைப்பிதழில் 'அக்கரை விருந்து' என்று போட்டிருந்தது. என்னவோ ஒரு பெயர் என்று நினைத்துக்கொண்டாள். நௌஷாத்தின் காரிலேயே போவதென்று முடிவாயிற்று. போகிற வழியில் ஊருக்குப் போய் அப்பாவையும் ஏற்றிக்கொண்டார்கள். காத்தான் புது வேட்டி கட்டி, இஸ்திரி போட்ட சட்டையில் தெருவிலேயே காத்திருந்தார். மகள் வரைந்த படத்தைப் பெரிய இடத்தில் மாட்டியிருக்கிறார்கள் என்று தெரு முழுக்கச் சொல்லியிருந்தார்.

ரிசார்ட் வாசலில் சந்தனமும் கற்கண்டும் இல்லை. ஒரு பெண் தாம்பாளம் ஏந்தி நின்றாள். அதில் சணல் கயிற்றில் கோத்த தகர வில்லைகள். ஒவ்வொன்றிலும் ஒரு எண். வருகிறவர்கள் கழுத்தில் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு, "கப்பலுக்கு நல்வரவு!" என்றாள்.

எழில்மொழிக்கு முதலில் விளங்கவில்லை. கண்ணில் பட்டது மூளைக்குப் போய்ச் சேரவில்லை. அடுத்த மேசையில் இன்னொரு பெண் குழைத்த கரியைத் தூரிகையில் தொட்டு, வந்தவர்களுடைய கன்னத்திலும் நெற்றியிலும் பூசிக்கொண்டிருந்தாள். பட்டுப்புடவை கட்டிய அம்மாள் ஒருத்தி முகத்தைக் காட்டிக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் டார்க்கா போடும்மா, போட்டோல தெரியணும்," என்றாள். அவள் புருஷன் விழுந்து விழுந்து சிரித்தான்.

காத்தானைப் பார்த்ததும் அந்தக் கரிக்காரப் பெண் தூரிகையைக் கீழே வைத்தாள். "ஐயாவுக்குத் தேவையில்ல," என்றாள் சிரித்துக்கொண்டே. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எதற்கு என்று தெரியாமல் காத்தானும் சிரித்தார்.

அதற்குள் அவர் கழுத்தில் வில்லை ஏறிவிட்டது. நூற்றுப்பன்னிரண்டு. அதைக் கையில் ஏந்திப் பார்த்து, மகளிடம் திரும்பி, "என்னம்மா இது, மெடலா?" என்று கேட்டார். முகமெல்லாம் பூரிப்பு.

நௌஷாத் தமக்கு நீட்டிய வில்லையை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

உள்ளே சாப்பாட்டுக் கூடத்தில் கருவாட்டு நெடியும் ரூம் ஸ்ப்ரே நெடியும் ஒன்றாகக் கலந்து மூச்சை அடைத்தது. பரிமாறுகிறவர்களுக்குக் கோவணமும் தலைப்பாகையும் கட்டிவிட்டிருந்தார்கள். ஏசிக் குளிரில் அந்தப் பையன்களின் தோள்பட்டை புல்லரித்துக்கிடந்தது. வேண்டுமென்றே நசுக்கிய அலுமினியத் தட்டுகளில் கஞ்சி, கருவாடு, துவையல். கஞ்சிக்கு மேல் முந்திரி தூவியிருந்தது. மூன்றாவது சுவரில் அவள் கப்பல். அதன் முன்னால் வரிசை கட்டி நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வில்லையை வாயில் கவ்விக்கொண்டு நின்றான். ஒருத்தி வயிற்றைப் பிடித்துக் குனிந்து கடல்மயக்கத்தில் வாந்தியெடுப்பதுபோல் நடித்தாள். அவள் தலைக்கு மேலே, எழில்மொழியின் ஊர் முகங்கள் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.

மேசையில் கிடந்த அட்டையை எடுத்தாள். உணவுப் பெயர்களுக்குக் கீழே அச்சிட்டிருந்தது: 'கருத்து உதவி: ஓவியர் எழில்மொழி'.

திருஞானம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். அவர் கழுத்தில் வில்லை இல்லை.

"சார், என்ன இது?"

"எல்லாம் நீங்க குடுத்த ஐடியாதான் மேடம். அன்னிக்கு நீங்க சொல்லச் சொல்ல எனக்கு அப்படியே கண்ணு முன்னால ஓடிச்சு. வெறும் படம் மாட்டினா யாரு பாக்கறா? இப்ப பாருங்க, ஒவ்வொருத்தரும் வரலாறை அனுபவிக்கறாங்க."

"அந்தப் பொண்ணு வாந்தி எடுக்கற மாதிரி நடிக்கறா சார். அந்தக் கப்பல்ல வாந்தி எடுத்தே செத்தவங்க இருக்காங்க."

"அதான் மேடம், ஃபீல் பண்றாங்க," என்றார் அவர், மிகுந்த கனிவோடு. அந்தக் கனிவுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட அருவருப்பாக இருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. நல்ல காரியம் செய்வதாகவே நினைத்தார்.

அப்போது கூலியாட்களை மேய்க்கும் கங்காணி வேஷம் போட்டிருந்த ஒருவன் பிரம்பைத் தரையில் தட்டிக்கொண்டு கூவினான். "நூத்திப்பன்னெண்டு! கஞ்சிக்கு வா!"

எழில்மொழி திரும்பினாள். காத்தான் எழுந்துவிட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு எப்போது அக்குளுக்குப் போனது என்று தெரியவில்லை. முதுகு வளைந்திருந்தது. தட்டை இரண்டு கையாலும் நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, அவசர அவசரமாக, ஓட்டமும் நடையுமாகப் போனார். மகளுக்கு அந்தக் குனிவு புதிது. அவள் பிறந்தபிறகு அவர் யார் முன்னாலும் அப்படிக் குனிந்து நின்றதை அவள் பார்த்ததில்லை. தான் சின்னப் பிள்ளையாகப் பண்ணைக் களத்தில் கஞ்சிக்கு நின்றதைப் பற்றி அவர் ஒருநாளும் பேசியதுமில்லை. அந்தக் குரலைக் கேட்டதும் அவருடைய உடம்பு அவரைக் கேட்காமலே குனிந்துவிட்டது.

சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். "ஐயா பிரமாதமா நடிக்கறாரு!" என்று ஒருவன் கத்தினான். இரண்டு மூன்று கைப்பேசிகள் அவர் பக்கம் திரும்பின. காத்தான் கஞ்சியை வாங்கி, கருவாட்டைக் கடித்துக்கொண்டு நின்றபடியே குடிக்கத் தொடங்கியிருந்தார்.

அவள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அப்பாவின் கழுத்திலிருந்து கயிற்றைப் பிடித்து இழுத்துக் கழற்றினாள். சணல் உரசிக் காதோரம் சிவந்துபோனது. வில்லையைக் கஞ்சிப் பாத்திரத்துக்குள் போட்டாள்.

"ஏம்மா புடுங்கற? இத்தன பேரு முன்னால..." காத்தானுக்கு முகம் சுண்டிப்போனது.

"வாங்கப்பா, போவலாம்."

"இன்னும் சாப்பிட்டு முடிக்கலியேம்மா."

"வாங்கன்னா வாங்க!"

கார் கடற்கரையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டது. இருபக்கமும் நடவு முடிந்த வயல்கள். காத்தான் பின்சீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவரே கேட்டார்.

"ஊர்ல கேட்டா என்ன சொல்லுவேன்? மெடல் போட்டாங்க, எம் பொண்ணு புடுங்கிப் போட்டுட்டான்னா?"

"அது மெடல் இல்லப்பா."

சொல்லத்தான் வேண்டும் என்று தெரிந்தது. முன்சீட்டிலிருந்து திரும்பி உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். உங்கள் தாத்தாவின் அண்ணன் கழுத்தில் இப்படி ஒன்றைத்தான் கட்டியிருப்பார்கள். மாட்டுக்கு அடையாளம் போடுகிற மாதிரி. அதைத்தான் விளையாட்டாக எல்லோரும் மாட்டிக்கொண்டார்கள். அந்தக் கஞ்சி அந்தக் கஞ்சிதான். அந்தப் பெண் ஏன் உங்கள் முகத்தில் கரி பூசவில்லை என்பதையும் சொன்னாள்.

கொஞ்ச தூரம் போனதும், "பாய், வண்டிய ஓரமா நிறுத்துங்க," என்றார் காத்தான்.

இறங்கி, வாய்க்கால் மதகைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நடிப்பில்லாத வாந்தி. கஞ்சியும் கருவாடும் முந்திரியும் வரும்வரை குமட்டிக் குமட்டி எடுத்தார். எழில்மொழி முதுகைத் தடவப் போனாள். கையைத் தள்ளிவிட்டார். வாய்க்கால் தண்ணீரை அள்ளி அள்ளி வாய் கொப்பளித்தார். விரலை விட்டு நாக்கை வழித்தார். மறுபடியும் கொப்பளித்தார்.

"அந்தச் சோத்தையா நான் எந்திரிச்சுப் போய் வாங்கித் தின்னேன்," என்றார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

நௌஷாத் தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு அருகில் நின்றார்.

மறுநாள் காலை எழில்மொழி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு நௌஷாத்தைக் கூப்பிட்டாள். "பாய், உங்க குட்டியானை லோடு வண்டிய எடுத்துக்கிட்டு வாங்க. பூம்புகார் போவணும்."

"படத்தத் திருப்பிக் கேக்கப் போறியாம்மா? குடுக்க மாட்டாரு. அது அவரு பொருளாயிடுச்சு."

"படம் அவருது. அதுல நிக்கறவங்க அவரு ஆளுங்க இல்ல."

ரிசார்ட்டில் கடைசி வார்னிஷ் அடிக்க வேண்டும் என்றாள். வாட்ச்மேன் விட்டுவிட்டான். கூடம் காலியாக இருந்தது. முந்தின நாள் கருவாட்டு நாற்றம் திரைச்சீலைகளில் இன்னும் தங்கியிருந்தது. ஏணி போட்டு ஏறினாள். கப்பல் பலகையின் பழுப்பு வண்ணத்தைக் குழைத்து, கம்பியோரம் நின்ற முதல் மனிதரின் மேல் பூசினாள். அவரை அழிப்பதாக அவள் நினைக்கவில்லை. இறக்கிவிடுகிறாள். இனி எவனும் இவர்கள் முன்னால் நின்று பல்லைக் காட்ட முடியாது. ஒருவர் பின் ஒருவராகத் தளம் காலியானது. கடைசியில் ஏணியிலிருந்து பார்த்தபோது, விடிகாலை வெயிலில் ஒரு அழகான, சுத்தமான, ஆளில்லாத கப்பல் நின்றுகொண்டிருந்தது.

"அட!"

திருஞானம் பின்னால் நின்றிருந்தார். எழில்மொழி சண்டைக்குத் தயாராகத் திரும்பினாள். வரும் வழியெல்லாம் மனதில் கோத்துவைத்த வார்த்தைகள் நுனிநாக்கில் இருந்தன.

"மேடம், இப்பத்தான் படம் எடுப்பா இருக்கு! நேத்தே கெஸ்ட்டுங்க சொன்னாங்க, அந்த மூஞ்சிங்க மொறைச்சுப் பாக்குது, சாப்பாடு எறங்கலன்னு. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு இருந்தேன். நீங்களாவே புரிஞ்சுக்கிட்டீங்க." அவர் கைகூப்பினார். "ஆர்ட்டிஸ்ட்னா ஆர்ட்டிஸ்ட்தான்."

எழில்மொழிக்கு உள்ளங்கால்வரை கூசியது. அவர் செய்ய நினைத்த வேலையை அவளே வந்து செய்து முடித்திருக்கிறாள். நேற்று தகரத்தைக் கழுத்தில் மாட்டினார்கள். இன்று அவள் கழுத்தையே காணாமல் ஆக்கிவிட்டாள். தன் விரல்களில் ஒட்டியிருந்த பழுப்பைப் பார்த்தாள். அந்தக் கையை வெட்டி எறியலாம் போல இருந்தது.

பையிலிருந்து பழந்துணியை எடுத்து டர்பன்டைனில் முக்கினாள். படத்தில் அழுத்தித் துடைத்தாள்.

"என்ன மேடம் பண்றீங்க?"

புதிதாகப் பூசிய வண்ணம் ஈரமாகத்தான் இருந்தது. அடியிலிருந்தது என்றோ காய்ந்து இறுகியது. துணி போன இடமெல்லாம் பழுப்பு வழிந்து, ஒரு தோள் வந்தது. ஒரு கண் வந்தது. பிள்ளையை இடுப்பில் வைத்திருந்தவள் வந்தாள். முகங்களில் அழுக்குப்போல் கொஞ்சம் கறை தங்கிவிட்டது, கப்பலின் அடித்தளத்திலிருந்து அப்போதுதான் ஏறி வந்தவர்கள் மாதிரி.

"நல்லா இருந்ததக் கெடுக்கறீங்களே!" என்று திருஞானம் முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "முந்தி இருந்ததவிட மோசமா இருக்கு! பாக்கவே சகிக்கல!"

"சகிக்கலன்னா இறக்கிடுங்க சார்."

"நாளன்னிக்கு எனக்கு ஒரு கல்யாணப் பார்ட்டி இருக்கு. இந்த மூஞ்சிங்கள வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?"

"அதான் சொல்றேன். நான் எடுத்துக்கிட்டுப் போறேன்."

"அப்ப புதுசா வரைஞ்சு குடுங்க. ஆளில்லாம."

"ஆளில்லாத கப்பல் எனக்கு வரைய வராது. அந்த அட்டையில எம் பேரையும் எடுத்துடுங்க. எடுக்கலன்னா பேப்பர்காரங்களக் கூட்டிக்கிட்டு வந்து, உங்க விருந்த நானே அவங்களுக்கு விளக்கிச் சொல்வேன்."

அவர் அவளைப் பார்த்தார். அவருக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகமாக இருந்தது போலிருந்தது. இவ்வளவு நல்லபடியாக நடந்துகொண்ட தன்னிடம் ஏன் இப்படி என்று அவருக்கு விளங்கவேயில்லை. "எடுத்துக்கிட்டுப் போங்க," என்று கையை உதறிவிட்டு வெளியே போனார். நௌஷாத்தும் வாட்ச்மேனும் சட்டத்தைப் பிடித்து இறக்கினார்கள்.

அந்த வாரமே அந்தச் சுவரில் கம்ப்யூட்டர் கப்பலைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியதாகக் கேள்வி. அவள் பெயரை எடுத்துவிட்டார்கள். விருந்தை நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இடம் கிடைப்பதில்லையாம். பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தியே குடும்பத்தோடு போய்வந்து, கரி பூசிய முகத்தோடு எடுத்த படத்தை ஓய்வறையில் எல்லோருக்கும் காட்டினாள். எழில்மொழி என்னவென்று விளக்கிச் சொன்னாள். அந்த டீச்சர் கேட்டுவிட்டு, "அப்படியா? பாவம்ல," என்றாள். பிறகு அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அன்று எழில்மொழி டிபன் டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

படம் நௌஷாத்தின் கடையில், சுவரோரம் சாய்த்துவைத்தபடி இருந்தது. சட்டம் போட்டபிறகு மாடிவீட்டுக்குப் படியேற்ற முடியாத அளவு பெரிது. ஒருநாள் காலை, உரம் வாங்கக் கும்பகோணம் வந்த காத்தான் சொல்லாமல் கொள்ளாமல் கடைக்குள் வந்து நின்றார். அன்றைக்கு விருந்தில் கூட்டம் மறைத்ததில் அவர் படத்தைச் சரியாகப் பார்த்திருக்கவில்லை. நௌஷாத் போன் செய்து எழில்மொழியை வரவழைத்தார்.

அவள் வந்தபோது அப்பா படத்துக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டார் போலிருந்தது.

"எல்லாம் நம்ம தெரு மூஞ்சிதான்," என்றார்.

"ஆமாப்பா."

"மூஞ்சி சரியாத்தான் போட்டிருக்க." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொன்னா கோவிச்சுக்குவியா?"

"சொல்லுங்கப்பா."

"கடலும் அந்தத் துணியும் ரொம்ப அழகா இருக்கும்மா. அதுதான் எனக்குப் புடிக்கல. கோயில் தேர் மாதிரி ஜொலிக்குது. இவ்வளவு அழகா இருந்தா, அவன் அதுக்கு முன்னால எலை போட்டு உக்காராம என்ன செய்வான்?"

நௌஷாத் கட்டை செதுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தார்.

எழில்மொழி பாய்களைப் பார்த்தாள். அந்த மஞ்சள் வெயிலுக்காக எத்தனையோ நாள் மெனக்கெட்டிருந்தாள். பாயின் ஒவ்வொரு மடிப்பையும் தடவித் தடவி வரைந்தாள். பார்க்கிறவர்கள் மயங்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மயங்கத்தான் செய்தார்கள். திருஞானம் அவளைத் தேடி வந்ததும் அந்த மினுக்கத்துக்காகத்தான். அவருக்கு முன்னால் தான் நீட்டிய தட்டில் இருந்ததும் இதுதான் என்று தோன்றியபோது, அப்பா அன்றைக்கு வாய்க்காலில் விரலை விட்டு நாக்கை வழித்தது நினைவுக்கு வந்தது.

"உண்மைதான்பா," என்றாள்.

காத்தான் எழுந்து அவள் தோளில் கை வைத்தார். "மூஞ்சிங்கள ஒண்ணும் செஞ்சுடாத," என்றார்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, நௌஷாத்திடம் வண்ணம் குழைக்க ஒரு பலகையைக் கேட்டு வாங்கினாள். பையிலிருந்து வண்ணக் குழாய்களை எடுத்து, கறுப்பையும் மண் பச்சையையும் பிதுக்கினாள். சேறு நிறம் வரும்வரை குழைத்தாள். பிறகு வெயில் பட்ட முதல் பாயிலிருந்து தொடங்கினாள்.